கேட்டருகே ஒரு 'எங்கோட்டா?'

ஜீப் ரிசார்ட் கேட்டை நெருங்கியபோது இன்னும் விடியவில்லை. பின்னிருக்கையில் போர்வைக்குள் சுருண்டிருந்த ஒரு சென்னைக் குடும்பத்துக்கு நடுவில் நானும் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவிகுளத்துக் குளிர் காதுமடலைக் கடித்தது. சூரிய உதயம் பார்க்கப் போகிற உற்சாகத்தில் அந்த வீட்டு அம்மா மட்டும் விடாமல் பேசிக்கொண்டு வந்தார்.

காவல் அறையிலிருந்து வர்க்கி சேட்டன் வெளியே வந்தார். தலையில் குரங்குக் குல்லா, கையில் டார்ச். கேட்டை அகலமாகத் திறந்துவிட்டு, டிரைவர் முத்துராஜைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "எங்கோட்டா முத்துராஜே?" என்றார். எங்கே கிளம்பிவிட்டாய் என்று மலையாளத்தில் ஒரு குசலம் விசாரிப்பு, அவ்வளவுதான்.

முத்துராஜ் மரியாதையாக ஒரு சிரிப்பு சிரித்தார். கியரை மாற்றினார். ஜீப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. திறந்த கேட்டு எங்களைப் பார்த்தபடி நிற்க, வந்த வழியே பின்பக்கமாகவே போய் ஷெட்டில் நின்றோம்.

"என்னங்க, எதையாவது மறந்துட்டாரா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

"வண்டி கொஞ்சம் சூடாகணும்மா" என்று சொல்லிவிட்டு முத்துராஜ் இறங்கினார். ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நிதானமாகக் குடித்தார். பிறகு எழுந்து வந்து வண்டியைக் கிளப்பப் போனார்.

அதற்குள் வண்டியில் இருந்த சின்னப் பையனுக்குப் பாத்ரூம் வந்துவிட்டது. அவனைக் கூட்டிப்போன அப்பா திரும்பி வருவதற்குள் தாத்தாவுக்கும் வந்துவிட்டது. ஒருவழியாக நாங்கள் போடிமெட்டுப் பக்கத்து மலைவிளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, சூரியன் எப்போதோ ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. அந்த அம்மா அப்போதுதான் பேச்சை நிறுத்தினார்.

அந்த ஜீப்பில் எனக்கென்ன வேலை?

நான் அந்த ரிசார்ட்டுக்கு மேனேஜராக வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அறைகள் சுத்தம், சாப்பாடு பிரமாதம் என்று விருந்தாளிகள் இணையத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். கூடவே ஒரு வரி இருக்கும். சூரிய உதயம் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி சூரியனைத்தான் காட்டினார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், 'இங்கே டிரைவருக்குப் பாதி வழியில் மனசு மாறிவிடுகிறது' என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

முதலாளி கொச்சியில் இருப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரங்களைப் படித்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒருநாள் போனில் சொல்லிவிட்டார், "இந்த மாசம் பாக்கலாம். சரியாகலேன்னா லோக்கல் ஜீப் வேண்டாம். கொச்சியில ஒரு கம்பெனி வண்டியும் டிரைவரும் சேத்து அனுப்பும்."

முத்துராஜும் அவர் கூட்டாளிகளும் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். இலை பறித்த குடும்பங்கள். எங்கள் ஜீப் சவாரிதான் அவர்கள் வீட்டு அடுப்பு. வேறு இடம் போகலாமே என்றால், மூணாறில் ஜீப்புக்கா பஞ்சம்? ஸ்டாண்டில் ஏற்கெனவே வரிசை கட்டி நிற்கிறார்கள்.

முத்துராஜிடம் கேட்டால் வண்டி சூடாகவில்லை என்பார். வர்க்கி சேட்டனிடம் கேட்டால், "அவனுக்கு என்னை இஷ்டமில்ல மோளே. நான் ஒரு வாக்கு பேசினா வண்டியத் திருப்பிட்டுப் போறான்" என்பார். இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் இல்லை. மத்தியானம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதனால்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நானே வண்டியில் ஏறினேன்.

மூன்று தமிழும் ஒரு மலையாளமும்

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குக் கிழக்குப் பாலக்காடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னந்தோப்பும் மாடு கன்றுமாக இருக்கிற குடும்பம். கேரளத்தில் ரேஷன் கார்டு, நாக்கில் கோயமுத்தூர்.

தமிழ்க்காரர்கள் நிறைந்த மலை, நமக்கென்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் வாரமே அந்த நினைப்பு மலையேறிவிட்டது. எங்கள் ஊரில் யாரையும் நேராக ஏவ மாட்டோம். "கொஞ்சம் நேரத்துல வந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்றால், வந்தே தீர வேண்டும் என்று அர்த்தம். முத்துராஜின் ஆட்கள் அதைக் கேட்டு, நல்லாத்தான் இருக்கும் என்று ஒத்துக்கொண்டு, தங்கள் நேரத்துக்கு வந்தார்கள்.

அதோடு போகவில்லை. எஸ்டேட்டில் சூப்பர்வைசர் போடுகிற சத்தத்தையே கேட்டு வளர்ந்தவர்களுக்கு என் 'வாங்க, போங்க' எல்லாம் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. "மேடம் நம்மள நக்கல் பண்ணுதாங்களோ?" என்று அவர்களுக்குள் ஒரு கூட்டமே நடந்ததாம். பின்னாளில் முத்துராஜே சொல்லிச் சிரித்தார்.

கணக்குப் பார்க்கிற சுந்தரம் சார் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். அவர் தமிழ் எங்கள் இரண்டு தமிழிலும் சேராது. அவர் வாயைத் திறந்தால் லயத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு ரசித்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் வந்து விசாரிப்பார்கள். கோட்டயத்து வர்க்கி சேட்டன் பேசுகிற மலையாளத் தமிழ்தான் எங்களுக்குள் எல்லோருக்கும் புரிகிற மொழியாக இருந்தது.

கண்ணோடு கண் நோக்கி

இப்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று நான் ஜீப்பில் ஏறிப் பார்ப்பதற்கு முன்பே முதலாளி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து இறங்கினார். பல பண்பாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவர் தொழில். வண்ண வண்ணச் சீட்டுகளும் ஒரு விசிலும் வைத்திருந்தார். விசில் எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆளுக்கொரு ஜோடி சேர்த்து, எதிரில் இருப்பவரின் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னார். அறை சுத்தம் செய்கிற பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுந்தரம் சாருக்கு ஜோடி கிச்சன் மாஸ்டர். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முத்துராஜையும் வர்க்கி சேட்டனையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இவரிடம் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை மறைக்காமல் சீட்டில் எழுதுங்கள்" என்றார். இருவரும் நெடுநேரம் யோசித்தார்கள். முத்துராஜ் தமிழில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். வர்க்கி சேட்டன் மலையாளத்தில் அதையே எழுதினார். பயிற்சியாளர் மனம் நெகிழ்ந்து கைதட்டினார். ஒற்றுமைக்கு உதாரணம் என்று அந்த இரண்டு சீட்டையும் சுவரில் ஒட்டிவிட்டு ஊருக்குப் போனார். மறுநாள் காலையும் ஜீப் தாமதம்தான்.

மனசில் ஒரு முள்

ஜீப்பில் போய்த் திரும்பிய அன்று அந்தச் சென்னைக் குடும்பத்தைக் காலைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஷெட்டுக்குப் போனேன். முத்துராஜ் தண்ணீர் குடித்த விதத்தைப் பார்த்தபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"ஏனுங்க முத்துராஜ், எங்கூர்லயும் கெளம்பறப்ப யாராச்சும் எங்கன்னு கேட்டுப்போட்டா திரும்பி வந்து உக்காந்துக்குவாங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் மறுக்காப் போவாங்க. அதானுங்களே?"

முத்துராஜ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். "சிரிக்கக் கூடாது மேடம்."

"நான் எதுக்குங்க சிரிக்கறேன்?"

"நம்பிக்கை கிம்பிக்கைன்னு பெருசா ஒண்ணுமில்ல. ஆனா ஆள ஏத்திக்கிட்டு கேப் ரோட்டு வளைவுல திரும்பும்போது மனசுல ஒரு முள்ளு கெடக்கக் கூடாதுல்லா. கேட்டுட்டாரே, கேட்டுட்டாரேன்னு அதுவே ஓடிக்கிட்டு இருக்கும். அந்தப் பக்கம் பாத்தீங்கள்ல, பள்ளம் எவ்வளவுன்னு. உக்காந்து எந்திரிச்சா மனசு லேசாயிரும். பெறவு ஓட்டலாம்."

போடிமெட்டுக்குப் போகிற அந்த மலைச்சாலைப் பள்ளத்தை நான் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர் மனசு லேசாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

"இத அவருகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"வயசுல எங்கப்பா மாதிரி. பாசமாக் கேக்காரு. கேக்காதீங்கன்னு எந்த வாயால மேடம் சொல்ல? மறுநா மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

ஆபீசுக்கு வந்து சுந்தரம் சாரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நியாயந்தானே. எங்க தெருவிலே யாராவது அப்படிக் கேட்டா நேரா ஆத்துக்குத் திரும்பிடுவா, கேட்டேளா. எங்கப்பா இதுக்காக ஒரு தரம் ரயிலையே விட்டிருக்கார்" என்றார். இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று தமிழர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. வர்க்கி சேட்டன் மட்டும் தனியாக எதிர்க்கட்சியில் இருந்தார். அவருக்கு அது தெரியவே தெரியாது.

பேசாத வர்க்கி, பேசிய வர்க்கி

தெரியவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற கதை வரை எல்லாம் சொன்னதும் அவர் முகம் வாடிப்போய்விட்டது.

"ஞான் என்ன தெற்று செய்து மோளே? என்ன தப்பு? நம்ம ஆள் ஒருத்தன் இருட்டுல இறங்கிப் போறான். எங்கோட்டான்னு ஒரு வாக்கு கேக்காம கேட்டத் தொறந்து விட்டா, பின்ன நான் எதுக்கு? அதுக்கு ஒரு மெஷின் போதுமே."

அதுவும் சரிதான். அவர் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில்கூட யாரும் எதிர்பார்ப்பதில்லை. உன்னைப் பார்த்தேன், நீ எனக்கு வேண்டியவன் என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்காவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். ஒருவர் பாசத்தைக் காட்டுகிற இடத்தில்தான் இன்னொருவருக்குச் சகுனம் கெடுகிறது என்றால் நான் யாரைக் குற்றம் சொல்ல? "கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் கேக்காம இருந்து பாருங்க சேட்டா" என்றேன்.

மறுநாள் காலை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, அட்டென்ஷனில், எதிர்மலையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். முத்துராஜுக்குப் பகீர் என்றாகிவிட்டது. வண்டியை நிறுத்தி இறங்கி, "சேட்டா, எம்மேல எதும் வருத்தமா?" என்று கேட்டிருக்கிறார். வர்க்கி சேட்டன் வாயைத் திறக்காமல் என் குவார்ட்டர்ஸைக் கையால் காட்டியிருக்கிறார். சமாதானம் பேசி முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது.

அடுத்த நாள் வர்க்கி சேட்டன் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கோட்டா என்பதற்குப் பதிலாக, "சாயா குடிச்சோ முத்துராஜே?" என்றார். பின்னால் இருந்த டெல்லிக்காரர்களுக்கு மொத்த வாக்கியத்தில் சாயா மட்டும் விளங்கிவிட்டது. ஆகா, டீ கிடைக்குமா என்று எல்லோரும் குதித்து இறங்கிவிட்டார்கள். அன்றைக்கும் சூரியன் முந்திக்கொண்டது.

முதலாளி போன் செய்தார். சனிக்கிழமை நண்பர்களோடு தானே வந்து அந்த ஜீப்பில் போய்ப் பார்ப்பதாகவும், கொச்சிக் கம்பெனிக்கு அதற்குப் பிறகு பதில் சொல்வதாகவும் சொன்னார். முத்துராஜிடம் இதைச் சொன்னபோது அவர் வாளியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கழுவப் போனார்.

யோசித்துப் பார்த்ததில் எங்கள் வீடு ஞாபகம் வந்தது. அப்பா பொள்ளாச்சி சந்தைக்குக் கிளம்பும்போது அம்மா எங்கே என்று கேட்கவே மாட்டார். "வர்றதுக்கு நேரமாகுமுங்களா?" என்பார். அப்பாவும், "பொழுதோட வந்தர்றேன்" என்பார். கேட்டமாதிரியும் ஆயிற்று, போகிற காரியமும் கெடவில்லை.

வர்க்கி சேட்டனிடம் சொன்னேன். "இதும் அதும் ஒண்ணுதானே?" என்றார்.

"இல்லீங்க சேட்டா. இது அவரு திரும்பி வர்றதப் பத்திங்க."

அவர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரிதான். திரும்பி வரும்னு உறப்பிச்சு, நிச்சயம் பண்ணிட்டுக் கேக்குறது. இது கொள்ளாம்" என்றார். 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அன்று சாயங்காலம் முழுக்க, கேட்டைத் தாண்டிப் போன பால்காரர், கறிகாய்க்காரர், நான் என்று ஒருவர் விடாமல் எல்லோரிடமும் 'எப்ப வரும்?' என்று கேட்டுப் பழகினார்.

முதலாளி ஏறினார்

சனிக்கிழமை முதலாளி முன்னிருக்கையில் முத்துராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அவர் நண்பர்களும் நானும். கேட்டருகே வர்க்கி சேட்டன் சலாம் வைத்தார். "எப்ப வரும் முத்துராஜே?"

"வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருவோம் சேட்டா."

கேட்டு திறந்தது. வண்டியின் மூக்கு வெளியே போனது. நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது முதலாளி, டிரைவரிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசுவோமே என்று, முத்துராஜ் தோளில் தட்டி, "அப்போ, எங்கோட்டா ஆத்யம்?" என்றார். முதலில் எங்கே என்று.

ஜீப் நின்றது.

முத்துராஜின் கை கியரிலேயே இருந்தது. பின்னால் எடுத்தால் எல்லாக் குடும்பங்களின் பிழைப்பும் அந்தக் காலையோடு போச்சு. முன்னால் எடுத்தால் அந்த வளைவு வருகிறது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். குளிரில் வேர்த்திருந்தது.

கேள்வி வர்க்கி சேட்டன் காதிலும் விழுந்துவிட்டது. அந்த வயதில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. காவல் அறைக்குள் போய்த் தன் பிளாஸ்க்கோடு வந்தார். மூடியில் சுடச்சுடச் சீரகத் தண்ணீர் ஊற்றி முத்துராஜிடம் நீட்டினார்.

"தணுப்பு கூடுதலா இருக்கு. இத குடிச்சிட்டுப் போ." பிறகு குரலைத் தாழ்த்தி, "உக்காந்துதான இருக்கே. சமாதானமா உக்காந்து குடி" என்றார்.

முத்துராஜ் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்தது போலவே உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்காகக் குடித்தார். வர்க்கி சேட்டன் அதே மூடியைக் கழுவி முதலாளிக்கும் ஊற்றிக் கொடுத்தார். முதலாளி குடித்துவிட்டு, "அருமையா இருக்கே. இதை எல்லா கெஸ்ட்டுக்கும் கொடுங்க" என்று திரும்பி என்னிடம் சொன்னார். செய்கிறேன் என்று தலையாட்டினேன். இன்றைக்கும் கொடுக்கிறோம். கேட்டருகே கிடைக்கும் சீரகத் தண்ணீரைப் பற்றி எழுதாத விருந்தாளி இல்லை.

வண்டி கிளம்பியது. கேப் ரோட்டு வளைவுகளில் முத்துராஜ் பூப்போல ஓட்டினார். மலைவிளிம்பில் போய் நின்றபோது கீழே தமிழ்நாட்டுச் சமவெளி இருட்டில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. முதலாளி தன் வாழ்க்கையில் முதன்முறையாகப் போனை மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். சூரியன் முழுதாக வந்த பிறகு, "கொச்சிக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார். முத்துராஜ் ஏற்கெனவே சுத்தமாக இருந்த முன்கண்ணாடியை மறுபடி மறுபடி துடைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்து எல்லோரையும் இறக்கிவிட்டதும் முத்துராஜ் சாப்பிடப் போவார் என்று நினைத்தேன். அவர் நேராகக் கேட்டுக்கு நடந்தார். வெயில் காய்ந்துகொண்டு நின்ற வர்க்கி சேட்டன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"சேட்டா, மொத கேப் ரோட்டு வழியாப் போனோம். பனி ஒண்ணும் இல்ல. பெறவு போடிமெட்டுல செத்த நிறுத்தி எல்லாரும் காப்பி குடிச்சாங்க..."

வர்க்கி சேட்டனும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "பின்னே?" என்றார்.

முத்துராஜ் ஒரு வளைவு விடாமல் சொன்னார். எங்கே வண்டி நின்றது, எங்கே காட்டெருமை குறுக்கே போனது, முதலாளி எந்தப் பாறையில் வழுக்கப் பார்த்தார், எல்லாம். வர்க்கி சேட்டன் அந்த மலையை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவர் மாதிரி பின்னே, பின்னே என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சாவி கொடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் வர்க்கி சேட்டன் சொன்னார், "என் பிள்ளைங்க ரெண்டும் கானடாவுல. எங்கோட்டு போயின்னு போன்ல கேப்பேன். 'சும்மா வெளியே, அப்பச்சா'ன்னு சொல்லிட்டு போன வச்சிரும்."

முத்துராஜ் எழுந்து பேண்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"நாளைக்கு வேற பக்கம் போறோம் சேட்டா. வந்து சொல்லுதேன்."